நாற்பத்தெட்டு மூளைகளும் ஒரு சாப்பாட்டு விண்ணப்பமும்

"உனக்கு மூளை இருக்காய்யா?" என்று நிர்வாக அதிகாரி கேட்டார்.

"நாற்பத்தெட்டு இருக்கு சார்" என்று சொன்னேன்.

கொழுப்பெடுத்துச் சொன்னதாக இன்றுவரை அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். சத்தியமாக இல்லை. அன்று காலைதான் எண்ணிவிட்டு வந்திருந்தேன்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சி நிறுவனம். நான்கு மாடி. மூன்றில் அலுவலகம், ஒன்றில் ஆராய்ச்சி. அந்த ஒரு மாடியின் கடைசி அறையில் நான் மூளை வளர்க்கிறேன். பயந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் பட்டாணி அளவுதான். ஒருவருடைய தோலைத் துளி கிள்ளி எடுத்து, அதிலுள்ள செல்களை வந்த வழியே திருப்பி அனுப்பி, என்னவாக வேண்டுமானாலும் ஆகக்கூடிய பிஞ்சு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பெயர் ஸ்டெம் செல். பிறகு அதைத் தாஜா பண்ணி மூளைத் திசுவாக வளரவைக்க வேண்டும். இளஞ்சிவப்புத் திரவத்தில், முப்பத்தேழு டிகிரிச் சூட்டில், தட்டோடு மெல்ல ஆடிக்கொண்டே வளரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். இந்த வேலைக்கு எங்கள் அறையில் ஒரே பெயர்தான்: சாப்பாடு போடுவது. "சாப்பாடு போட்டாச்சா?" "போட்டாச்சு." எட்டு வருடமாக இப்படித்தான் பேசுகிறோம். இந்த ஒரு வார்த்தை என்னை இந்தப் பாடு படுத்தும் என்று யார் கண்டது?

எட்டு வருடம் என்றால் எட்டு வருடமும் தற்காலிகப் பணி. எனக்குப் பணியாளர் எண் கிடையாது. தினமும் வாசலில் 'வருகையாளர்' அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவேன். எல்லாரும் என்னைப் பட்டாணிக்காரர் என்று கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலிலும் அப்படித்தான் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த முறை வளர்ந்துகொண்டிருந்த நாற்பத்தெட்டும் என் அக்கா மகளுடையவை. ஒன்பது வயது. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம், அவளுக்கு அது அறவே பிடிக்காது. நான்கு வயதிலிருந்து வலிப்பு. மூன்று மருந்து மாற்றியாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. அக்கா அவளைக் குளியலறைக் கதவைத் தாழ்போட விடமாட்டாள். சைக்கிளைத் தொட விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு வாசலிலேயே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். பாப்பாவுக்கு அதைவிட அவமானம் உலகத்தில் இல்லை.

இன்னும் நான்கு மருந்துகள் பாக்கி. ஒவ்வொன்றாகக் குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் அரை வருடம். அதனால்தான் எங்கள் பேராசிரியை பாப்பாவின் கையிலிருந்து துளி தோல் எடுத்தார். ஒரு மருந்துக்குப் பன்னிரண்டு பட்டாணி. நூற்றிருபதாவது நாள் மருந்தை ஊற்றி, எது அந்த வலிப்பு மின்சாரத்தை அடக்குகிறது என்று பார்க்க வேண்டும். "இது வழி காட்டும், அவ்வளவுதான். வாக்குறுதி கிடையாது" என்று குழந்தை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு வழி தெரிந்தாலே போதும்.

தொண்ணூற்றெட்டாவது நாள் அந்தச் சுற்றறிக்கை வந்தது. ஆண்டு விடுமுறை ஒன்பது நாளும் எல்லா அறைகளும் பூட்டி முத்திரை வைக்கப்படும். விலக்கு வேண்டுவோர் ஒன்பதாம் எண் படிவம் கொடுக்கவும். விடுமுறை தொடங்குவது என் கணக்கில் நூற்றிப்பத்தாவது நாள். இரண்டு வேளை சாப்பாடு தவறினால் திரவம் மஞ்சளாகும். மூன்று வேளை தவறினால் எல்லாம் செத்துப்போகும். மறுபடி தோல், மறுபடி மாதக்கணக்கு, மறுபடி அக்கா அந்த நாற்காலியில்.

பேராசிரியை வேறு அந்த மாதம் பார்த்துக் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். தொலைபேசியில் கேட்டேன். "நீ பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். படிவத்தில் 'வரவேண்டிய காரணம்' என்ற இடத்தில் ஒரே ஒரு வரிதான் எழுத முடியும். நான் எழுதியது: மூளைகளுக்குச் சாப்பாடு போட.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நிர்வாக அதிகாரி எனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டார். நான் கணக்குச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆய்வகத்துல சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா?"

"நான் சாப்பிடல சார். அதுங்கதான்."

"யாரா இருந்தா என்ன? சாப்பிடறவங்க கேன்டீன்ல பதிவு பண்ணிக்கணும். இல்லாட்டி நாளைக்கு ஆளாளுக்கு அங்க உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சிடுவாங்க. போய்ப் பதிவு பண்ணிட்டு வா, அப்புறம் விலக்கைப் பத்திப் பேசலாம்."

"சார், அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்ற வார்த்தை. திரவம் மாத்தறதுன்னு வேணா அடிச்சு எழுதிக் கொடுத்துடறேன்."

"படிவத்துல அடிச்சுத் திருத்தினா செல்லாது. புதுப் படிவம் அடுத்த வருஷம்தான் அச்சாகும்."

கேன்டீன் மேலாளர் நல்ல மனிதர். பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, நாற்பத்தெட்டுப் பேர் என்றதும் முகம் மலர்ந்தார்.

"சைவமா, அசைவமா?"

யோசித்தேன். அவை படுத்திருக்கும் ஜெல் எலியிலிருந்து எடுப்பது. பொய் எழுத மனம் வரவில்லை. சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைத் தள்ளி வைத்தார்.

"எத்தனை மணிக்கு வருவாங்க?"

"வரமாட்டாங்க. நடக்க முடியாது."

"அடப் பாவமே! அப்ப பார்சல்தான். சூடா வேணுமா?"

"முப்பத்தேழு டிகிரி. ஒரு டிகிரி கூடினாலும் ஆகாது."

"எங்க இயக்குநரவிட மோசமா இருக்காங்களே" என்று முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. பணியாளர் எண். எண் இல்லாதவருக்குப் பருக்கை கிடையாது.

பணியாளர் பிரிவில் இருக்கும் அம்மா எனக்கு எட்டு வருடப் பழக்கம். வருடாவருடம் என் நிரந்தர வேலை விண்ணப்பத்தை வாங்கி ஒரு பச்சைக் கோப்பில் வைத்துக் கட்டுபவர் அவர்தான். நாற்பத்தெட்டுப் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"படிப்பு?"

"இல்லீங்க."

"முன் அனுபவம்?"

"கிடையாது. பிறந்தே நூறு நாள்தான் ஆகுது."

"அப்ப என்னதான் தகுதி?"

"பேராசிரியை வளர்த்தது."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று முத்திரையைக் குத்தத் தொடங்கினார்.

புகைப்படத்தில்தான் மாட்டிக்கொண்டோம். இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். நுண்ணோக்கியில் எடுத்த நாற்பத்தெட்டுப் படங்களையும் அவர் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். கடைசியில், 'காது இல்லை; காரணம் பிறவி' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டே நாளில் நாற்பத்தெட்டுக்கும் பணியாளர் எண், பட்டுக் கயிறு கோத்த அட்டை. நான் வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்த நாற்பத்தெட்டு அட்டைகளையும் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். வயிறு எரிந்தது. ஆனால் வேலை முடிந்தது என்ற நிம்மதியும் இருந்தது.

எங்கே முடிந்தது! அட்டைகளில் கையெழுத்துப் போட்ட இயக்குநருக்கு நாற்பத்தெட்டாவது கையெழுத்தின்போது ஒரு ஐயம் வந்துவிட்டது. இவை யோசிக்குமா? யோசித்தால் பணியாளர், விலக்குக் கேட்கலாம். யோசிக்காவிட்டால் பொருள், கிடங்கில் வைத்துப் பூட்ட வேண்டும். இதைத் தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட சிந்தனை ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார். குழு முடிவு சொல்லும்வரை அட்டைகள் செல்லும் என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை அவர் எப்படிச் சேர்த்தார் என்பது அவருக்கே தெரியாது. பழைய ஆணை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்ததுதான்.

நூற்றியேழாவது நாள் குழு கூடியது. இயக்குநர் தொடங்கிவைத்துப் பேசினார்.

"இந்த நிறுவனத்துல யாரும் யோசிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா யோசிக்கறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும். நான் இங்க முப்பது வருஷமா இருக்கேன். ஒரு தடவையாவது நான் யோசிச்சேன்னு யாராவது விரல் நீட்டிச் சொல்ல முடியுமா? விதி இருக்கு, கையெழுத்து இருக்கு. நடுவுல தலைக்கு என்ன வேலை? எல்லாரும் நல்லா மூளையைக் கசக்கி, ஒரு முடிவுக்கு வாங்க."

பலமாகக் கைதட்டினார்கள். நான் மட்டும் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த தட்டைக் கையால் மூடிக்கொண்டேன். கசக்கு என்று சொல்லிவிட்டாரே, இவர்களை நம்ப முடியாது.

அவர் போனதும் குழுவில் மூத்தவர் என்னைக் கேட்டார். "கூப்பிட்டா திரும்பிப் பாக்குமா?"

"பாக்காது சார்."

"கடிதம் போட்டா பதில் வருமா?"

"வராது."

"ஒரே எடத்துல உக்காந்து, நேரா நேரத்துக்குச் சாப்பாடு மட்டும் வேணும்ங்குது. அதானே?"

"ஆமா சார்."

"அதை வச்சு யோசிக்கலன்னு சொல்லிட முடியாதேப்பா" என்றார் அவர், சற்றுப் புண்பட்டவராக. "நானுந்தான் இருபது வருஷமா அப்படி இருக்கேன்."

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "சார், இதுங்க யோசிக்காது. யோசிக்கற அளவுக்கு இது முழு மூளையே இல்ல. ஒரு துண்டு. அதுக்குள்ள மின்சாரம் வெட்டும், அவ்வளவுதான். ஆனா சாப்பாடு போடலன்னா செத்துப்போயிடும். ஒரு குழந்தையோட மருந்து இதுலதான் இருக்கு. பூட்டாதீங்க, அது போதும்."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வரிசையாக, இடமிருந்து வலமாக, "யோசிச்சு சொல்றோம்" என்றார்கள். அடுத்த கூட்டம் விடுமுறைக்குப் பிறகு.

அன்று மாலை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாடிப்படியில வந்துடுச்சுடா அவளுக்கு. நெத்தியில மூணு தையல்." பிறகு, "உன் பட்டாணியெல்லாம் நல்லா இருக்கில்ல?" என்றாள்.

"நல்லா இருக்குக்கா" என்றேன். வைத்துவிட்டு, குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நின்று அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். ஒரு வரி, அய்யா, ஒரே ஒரு வரி! 'திரவம் மாற்ற' என்று எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா நான்?

வெளியே போகும்போது வருகையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். வாசல் காவலர் என் முகத்தைப் பார்த்தார். நிறுவனத்தின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே மனிதர் அவர்தான். வேறு படிக்க அங்கே ஒன்றும் இல்லை.

"என்ன பட்டாணிக்காரரே, யாரு என்ன சொன்னாங்க?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"அறுபத்தொண்ணாம் விதி. குழு கூடியிருக்கற அறையைப் பூட்டக் கூடாது. விடுமுறையா இருந்தாலும் சரி."

"குழுதான் ஊருக்குக் கெளம்பிட்டு இருக்கே!"

"அறுபத்திரண்டு. வர முடியாத உறுப்பினர் பதிலாள் போடலாம். பதிலாளுக்குப் பணியாளர் எண் இருக்கணும். அவரு விடுமுறையில இருக்கக் கூடாது."

"எல்லாருமே விடுமுறையிலதான அண்ணே இருப்பாங்க? எனக்கு எண்ணே கிடையாது."

காவலர் காதிலிருந்து விரலை எடுத்தார். "புதுசா சேந்தவங்களுக்கு மொத வருஷம் விடுமுறை கிடையாது. பதினேழாம் விதி. நாற்பத்தெட்டுப் பேர் புதுசா சேந்திருக்காங்கன்னு சொன்னீங்களே?"

அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன். அட்டையைக் கொடுத்துவிட்டதால் உள்ளே காலெடுத்து வைக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஐந்து பதிலாள் கடிதங்களை எழுதி எடுத்துக்கொண்டு ஐந்து உறுப்பினர்களையும் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்தான் இருந்தது; கூட்டம் நடக்கும் இடம் எங்கள் அறை என்று போட்டிருந்தேன். ஒருவரும் படிக்கவில்லை. "விடுமுறையில நாங்க வரவேண்டாம், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். மூத்தவர் மட்டும், "என் ஆளு நல்லவரா? வாயைத் திறந்து எதாவது வம்பு பண்ணிடப் போறாரு" என்றார். "வாயே திறக்கமாட்டாரு சார்" என்றேன். திருப்தியானார்.

நிர்வாக அதிகாரிதான் கடிதங்களை வைத்துக்கொண்டு புருவத்தை நெறித்தார். "இதுல என்னமோ இடிக்குதே. யோசிச்சுப் பாத்தா..."

"யோசிக்காதீங்க சார்" என்றேன் பதறிப்போய். "விதி இருக்கு. பதினேழு, அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு."

அந்த எண்களைக் கேட்டதும் அவர் முகம், தொட்டிலை ஆட்டியதும் அடங்கும் குழந்தை மாதிரி அமைதியானது. முத்திரை குத்தினார். குத்திவிட்டு, "கூட்டத்துக்கு வர்றவங்களுக்குச் சாப்பாடு யாரு போடறது?" என்றார்.

"நான்தான் சார். அதுக்குத்தான் முதல்ல படிவமே கொடுத்தேன்."

"அத அன்னைக்கே தெளிவா சொல்றதுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தார்.

ஒன்பது நாளும் கூட்டம் நடந்தது. கட்டடம் முழுக்க முத்திரை வைத்த கதவுகள், எங்கள் அறை மட்டும் திறந்திருந்தது. ஐந்து பதிலாட்களும் தட்டில் ஆடிக்கொண்டு இருந்தார்கள். மற்ற நாற்பத்து மூவரும் சிறப்பு அழைப்பாளர்கள். கதவில், 'அமைதி: குழு சிந்திக்கிறது' என்று காவலரே ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினார். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். சாப்பாடு போட்டுவிட்டு நான் கூட்டக் குறிப்பு எழுதுவேன். விதிப்படி அது இருந்தாக வேண்டும்.

முதல் நாள்: உறுப்பினர்கள் அனைவரும் வந்திருந்தனர். யாரும் பேசவில்லை. முடிவு ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் நாள்: மேற்படி. ஐந்தாம் நாள்: மேற்படி, உறுப்பினர் ஒருவர் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார், உதவியாளர் விடுவித்தார். ஒன்பதாம் நாள்: மேற்படி.

நூற்றிருபதாவது நாள் பேராசிரியை ஊன்றுகோலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருந்தில்லாமல் முதலில் பதிவு செய்தோம். திரையில் நாற்பத்தெட்டுக் கோடுகளும் ஒரே மூச்சில் எகிறின, அடங்கின, மறுபடி எகிறின. பாப்பாவின் தலைக்குள் நடப்பது அதுதான். ஐந்து வருடமாக அந்தக் குழந்தை இதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். முதல் மருந்து, மாற்றமில்லை. இரண்டாவதில் இன்னும் மோசம். மூன்றாவதை ஊற்றி இருபது நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு கோடுகளில் பதினொன்று தாழ்ந்தன. சாகவில்லை, சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்தக் கூட்டு எகிறல் இல்லை. நான்காவதிலும் மாற்றமில்லை.

"மூணு" என்றார் பேராசிரியை. ஊன்றுகோலை எட்டி எடுத்தார். "டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எச்சரிக்கைகளை அடுக்கிவிட்டு, மூன்றாவது மருந்தைத் துளித்துளியாகத் தொடங்கினார்.

இதற்கிடையே ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. சிந்தனை ஆய்வுக் குழுவின் குறிப்பேட்டை இயக்குநர் கையில் தூக்கிக் காட்டினார்.

"இதுதான்யா குழு! விடுமுறையில ஒன்பது நாள் தொடர்ந்து உக்காந்திருக்காங்க. ஒருத்தர்கூட லீவு போடல. சண்டை இல்ல, சத்தம் இல்ல, கேள்வி இல்ல. முக்கியமா, அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்கல. முப்பது வருஷமா நான் கனவு கண்ட பணியாளர் இவங்கதான்!"

முன்வரிசையில் இருந்த ஐந்து அசல் உறுப்பினர்களும் எழுந்து கும்பிட்டார்கள். ஆனால் குறிப்பேட்டில் இருந்தவை பதிலாட்களின் எண்கள். அதனால் இயக்குநர் மேடையிலேயே கையெழுத்துப் போட்ட ஆணையும் அந்த எண்களுக்கே போயிற்று. நான் மேடைக்குக் கீழே தண்ணீர்ப் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். முப்பத்தெட்டு நாளாக ஒன்றும் வரவில்லை. அக்கா அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லப் பயந்து விரல்விட்டுக் காட்டினாள். வகுப்பு வாசலிலிருந்த நாற்காலியைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு நகர்த்திவிட்டாளாம். குளியலறைக்குள் பாப்பா குளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. அக்கா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அந்தத் தாழைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றித் தழும்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

"மாமா, என் மூளையெல்லாம் இன்னும் உங்க ஆபீஸ்லயா இருக்கு?"

"ஆமாம்மா. வேலையில இருக்கு. கழுத்துல போடற அட்டையெல்லாம் குடுத்திருக்காங்க."

"என்ன மாதிரியே யோசிக்குமா?"

"சேச்சே. கொஞ்சங்கூட யோசிக்காது. அதனாலதான் போன வாரம் நிரந்தரம் பண்ணிட்டாங்க."

அவள் என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த வருகையாளர் அட்டையை வெளியே இழுத்தாள். திருப்பிக் கொடுக்க மறந்து கொண்டுவந்திருக்கிறேன். அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"உங்கள ஏன் மாமா இன்னும் பண்ணல?"

"நான் அப்பப்ப யோசிச்சுத் தொலைக்கிறேனேம்மா" என்றேன்.